மௌனிகாவைப் பார்க்க வந்த நாடுகள்

கரூரில் பன்னாட்டு வணிகப் பட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளையை ஏதாவது ஒரு நாடு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிடித்திருந்தால் மூன்றாம் வருடப் படிப்புக்கு அந்த நாடு பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால், போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும். ஆனி மாதம் முடிவதற்குள் நாடு அமையாத பிள்ளைகளை உள்நாட்டு வணிக வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வகுப்பின் ஜன்னல்கள் எல்லாமே ஈரோட்டைப் பார்த்தபடி இருக்கும்.

மௌனிகாவின் அப்பா குழந்தைவேல் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். தைத்து முடித்த பெட்ஷீட்டை மேஜையில் விரித்து, நூல் அறுந்திருக்கிறதா, சாயம் திட்டாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நல்லது கப்பல் ஏறும். பழுதானது வீட்டுக்கு வரும். பிறந்ததிலிருந்து மௌனிகா பழுதான பெட்ஷீட்டில்தான் படுத்திருக்கிறாள். நல்லதில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டால், அப்பா மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆரோ படுக்கறாங்க கண்ணு" என்பார். அந்த ஆரோவை ஒருநாள் பார்த்தே தீருவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

படிப்பு முழுவதையும் அவள் முன்கூட்டியே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். முதல் வருடம் கணக்குப்பதிவும் பொருளாதாரமும். அடுத்த வருடம் அமைகிற நாட்டுக்கேற்ற மொழி, கூடவே சுங்கச் சட்டம். அதற்கடுத்து அந்த நாட்டிலேயே படிப்பும், ஒரு கம்பெனியில் பயிற்சியும். பிறகு கரூருக்குத் திரும்பி வந்து, நடுவில் வேறு யார் பெயரும் ஒட்டாமல், படுக்கிறவர்களுக்கே நேராக பெட்ஷீட் விற்பது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நாடு மட்டும்தான் பாக்கி.

நாடு பார்த்துக் கொடுப்பதில் அவளுடைய தாய்மாமன் நாச்சிமுத்து கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். ஆனி பிறந்ததும் முதல் நாட்டைத் தன்னுடைய ஆம்னி வேனில் அவரே அழைத்து வந்தார். கூடிவராத சம்பந்தத்தின் பெயரை வெளியே சொல்வது அழகல்ல. எனவே அதன் பெயர் இங்கே வேண்டாம். வசதியான நாடு. மலைகளைக் கழற்றிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது. மௌனிகா தட்டு கொண்டுவந்து வைத்தாள். பிசகு அதற்குப் பிறகுதான் நடந்தது, அதுவும் அவளுடைய அம்மா வளர்மதியின் கையால்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளி போதும் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. அதை நம்பிக் கையை நிறுத்துகிறவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நாடு போதும் என்றது. வளர்மதி இன்னொரு ஒப்பிட்டுப் போளியை வைத்து, அதன் தலையில் நெய்யை ஊற்றினார். நாடு கையைக் குறுக்கே நீட்டியது. விரலிடுக்கு வழியாக அடுத்த ஒப்பிட்டு இறங்கியது. பூரணம் உள்ளே போகப் போக, நாட்டின் எல்லை நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது அது பக்கத்து நாட்டின் உருளைக்கிழங்கு வயலுக்குள் உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் பேசி முடிக்கவே அதற்கு நேரம் சரியாக இருந்தது. பெண் தங்கமான பெண், சாப்பாடுதான் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பியது.

அடுத்து வந்த நாட்டிடம் நாச்சிமுத்து பிறந்த நேரம் கேட்டார். அது இரண்டு தடவை சுதந்திரம் அடைந்த நாடு. எந்த நேரத்தை வைத்துக் கட்டம் போடுவது என்று ஜோசியர் தவித்துப்போய், இது இரண்டு பேர் ஜாதகம், பெண்ணோ ஒருத்திதான் என்று கைவிரித்துவிட்டார். அதற்கும் அடுத்ததாக வந்தது வியாபாரத்தில் கெட்டிக்கார நாடு. உட்கார்ந்த உடனே மௌனிகாவைப் பார்த்து, "எதற்காக என்னிடம் படிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

"பொண்ணு ரொம்ப அடக்கமுங்க. பெரியவங்க முன்னால வாயே தொறக்காது."

"வாய் திறக்காதவர் எதை விற்பார்?" என்று அந்த நாடு நியாயமாகக் கேட்டது. பிறகு போய்ச் சொல்லி அனுப்புகிறேன் என்று எழுந்துகொண்டது. எழுந்த வேகத்தில் ஓர் ஏரி தளும்பி வாசற்படியெல்லாம் நனைந்தது. வளர்மதி மாப்பு போட்டார். மௌனிகா கோபத்தில் அழுதாள். தன்னைப் பார்க்க வந்த நாடுகள் எல்லாம் ஒப்பிட்டையும் ஜாதகத்தையும் மாமாவையும் பார்த்துவிட்டுப் போய்விட்டன, தன்னை எதுவுமே பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

ஆனி கடைசி நாளும் வந்தது. "உள்நாடும் நல்ல படிப்புத்தான் அம்மிணி. ஈரோடும் ஒரு ஊர்தானே?" என்று நாச்சிமுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு நாடு இறங்கியது. வடக்கே வெகுதூரத்து நாடு. ஒடிசலான உடம்பு, நீளமான கடற்கரை. தீவுகளை ஒரு கூடையில் போட்டுக் கையில் எடுத்து வந்திருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அதன் ஊரில் கோடைகாலம் முழுக்கச் சூரியன் அடையாது என்றும், வாரக்கணக்கில் சரியான தூக்கம் இல்லை என்றும் சொல்லி, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தது.

மலைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும், "முதலில் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றது.

மௌனிகா தட்டைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க படிக்கிற பாடத்துக்கு இங்க மார்க் சேருமுங்களா? உங்க காலேஜும் எங்க காலேஜும் பேசி முடிச்சாச்சா, இல்ல நான் வந்து எறங்குன பொறகுதான் பேசுவீங்களா?"

"பேசி முடித்தாகிவிட்டது."

"பயிற்சிக்கு?"

"மீன் கம்பெனி இருக்கிறது. கம்பளிக் கம்பெனியும் உண்டு."

"எனக்கு பெட்ஷீட் விக்கற கடைதானுங்க வேணும்."

நாடு யோசித்தது. "துறைமுகத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்."

"மொழி கஷ்டமா இருக்குமுங்களா?"

"உயிரெழுத்துகள் கொஞ்சம் தகராறு செய்யும். ஒரு வருடம் பழகினால் வழிக்கு வந்துவிடும்." பிறகு நாடு தன் பங்குக்குக் கேட்டது. "எதற்காக என்னிடம்?"

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

"மாமா, நீங்க சித்த காப்பி குடிங்க" என்றாள் மௌனிகா. பிறகு நாட்டைப் பார்த்துப் பேசினாள். "எங்கப்பா பார்த்துப் பார்த்து அனுப்புன பெட்ஷீட்டுல ஆரு படுத்துத் தூங்கறாங்கன்னு நான் பாக்கோணுங்க. அவங்களுக்கு எப்படித் தூக்கம் வருதுன்னு கேக்கோணும். அது தெரிஞ்சுதுன்னா நானே நேரா விப்பேன். அவங்களுக்கு எங்கப்பாவத் தெரியோணும், எங்கப்பாவுக்கு அவங்களத் தெரியோணும். அதுக்குத்தானுங்க படிக்கறேன்."

நாட்டின் காடுகளில் காற்று சற்று நின்றது. குழந்தைவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிறாள் என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

சாப்பாடு பரிமாறப்பட்டது. நாடு போதும் என்றது. வளர்மதியின் கை பழக்கதோஷத்தில் ஒப்பிட்டோடு இலைக்கு மேலே போனது. மௌனிகா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, போதும்னா போதும்."

"ஒண்ணே ஒண்ணு சாமி. பாவம், தொலவுல இருந்து வந்திருக்குது."

"அந்த ஒண்ணுல பக்கத்து நாட்டு ஆடு மேயற எடம் போயிரும்மா."

வளர்மதி ஒப்பிட்டைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்து மூடினார். அந்தக் குடும்பத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நாடு நன்றியோடு இலையை மடித்தது.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள்; நாட்டுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? கை கழுவிவிட்டு வந்த நாடு வாய் ஓயாமல் கொட்டாவி விட்டது. மௌனிகா உள்ளே போய் இருப்பதிலேயே பெரிய பெட்ஷீட்டை எடுத்துவந்து கூடத்தில் விரித்தாள். ஓரத்தில் சிவப்புச் சாயம் திட்டாகப் பிடித்திருந்தது. "ஐயோ கண்ணு, அது ரிஜெக்ட்டு" என்று குழந்தைவேல் பதறினார். அதற்குள் நாடு தீவுக்கூடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. கப்பல்கள் நங்கூரம் போட்டன. மணிக்கூண்டுகள் அடிப்பதை நிறுத்தின. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். உருகி ஒழுகிய பனிக்கு வளர்மதி ஒரு குண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்.

பொழுது சாயத் தொடங்கியது. சூரியன் அடைந்தால் ஆனி முடிந்தது. விடிந்தால் ஆடி; ஆடியில் யாரும் சம்மதம் சொல்ல மாட்டார்கள்.

"எழுப்பு அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "ஒத்தை வார்த்தை வாங்கிட்டா, அப்பறம் எத்தன நேரம் வேணும்னாலும் தூங்கட்டும்."

மௌனிகாவுக்கு ஜன்னல் வழியாக ஈரோடு தெரிவது போல இருந்தது. ஆனாலும் தூங்குகிற நாட்டின் முகத்தைப் பார்த்தபோது, அவள் தேடிக்கொண்டிருந்த ஆரோ அங்கேயே படுத்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

"அரைத் தூக்கத்துல வாங்கற சம்மதம் எனக்கு வேண்டாமுங்க மாமா. நம்ம பெட்ஷீட்டுல படுத்தவங்கள நம்மளே எழுப்பறதா?"

சூரியன் அமராவதி ஆற்றுக்கு மேலே தென்னந்தோப்பின் உச்சிவரை இறங்கி வந்து, அங்கேயே நின்றது. கோடையில் சூரியன் அடையாத நாடு ஊருக்குள் இருக்கும்போது அது அடையாது. வீடு திரும்பிய மாடுகள் மறுபடி மேயப் போயின. கடைக்காரர்கள் இறக்கிய ஷட்டரை மேலே தூக்கினார்கள். ஆடி மாதம் ஊர் எல்லையில் காத்துக்கொண்டிருந்தது. குழந்தைவேல் ஷிஃப்ட் முடிந்ததா இல்லையா என்று கேட்டுவரக் கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பினார். மௌனிகா தூங்கும் நாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

நாடு ஆற அமரத் தூங்கி எழுந்தது. கடற்கரையெல்லாம் சொடுக்கு எடுத்தது. தெற்குக் கரையில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. குழந்தைவேல் துண்டால் துடைக்கப் போனார். "இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது" என்று நாடு தடுத்துவிட்டது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மலைகளை மாட்டிக்கொண்டு, "சரி, போய்ச் சொல்லி அனுப்புகிறேன்" என்றது.

வளர்மதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மௌனிகா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"அது வேண்டாமுங்க. எங்கூர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். தூக்கம் நல்லா வந்துதா இல்லையா, அத மட்டும் இங்கயே சொல்லிட்டுப் போங்க."

நாடு சிரித்தது. துறைமுகங்களில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. "வந்தது. என் வாழ்நாளில் இப்படித் தூங்கியதில்லை" என்றது. "பெண்ணைப் பிடித்திருக்கிறது. மூன்றாம் வருடம் அனுப்பி வையுங்கள்."

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். நாடு உலர்ந்த மீனும் ஒரு கைப்பிடி பனியும் வைத்துக் கொடுத்தது. குழந்தைவேல் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு அந்தச் சிவப்புத் திட்டு பெட்ஷீட்டையே மடித்து வைத்தார். வளர்மதி குலவையிடாத குறையாகச் சிரித்தார். மௌனிகா ஜெயித்துவிட்டாள். தெருவே வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தது. டவுன் பஸ் ஏறப்போன நாடு படியில் நின்று திரும்பியது.

"சொல்ல மறந்துவிட்டேன். எங்களிடத்தில் சிக்ரிட் என்று ஒரு பெண் இருக்கிறாள். இங்கே வந்து படிக்க வேண்டும் என்கிறாள். கரூர் ஒரு நடை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்."

"அதுக்கென்னங்க, மொறதானே!" என்றார் நாச்சிமுத்து. பஸ் நகர்ந்ததும் சூரியன் அடைந்தது, ஆடி உள்ளே வந்தது.

ஆவணியில் கரூர் கிளம்பியது. அமராவதியில் முகம் கழுவி, தெருக்களை நீவி விட்டுக்கொண்டு, ஆற்றுப் பாலங்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. முறை தெரிந்தவள் என்று மௌனிகாதான் முன்னால் நடந்தாள். போகும்போதே கரூருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பாலங்களையும் பஸ் ஸ்டாண்டையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஜாதகம் கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணிடமே நேராகப் பேச வேண்டும். முக்கியமாக, போதும் என்று தோன்றும்போது இலையை மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாமக்கல்லில் பிராது கொடுப்பார்கள். கரூர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

சிக்ரிட் தட்டோடு வந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கல்லூரி ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்று கேட்டாள். கேள்வி கரூருக்குப் பிடித்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் கொட்டாவி விட்டது. சிக்ரிட்டின் அம்மா கூடத்தில் பெட்ஷீட் விரித்தார். கரூர் தறிகளை நிறுத்திவிட்டு, அதில் ஒருக்களித்துப் படுத்தது.

ஊரே படுத்துவிட்டதால் குழந்தைவேலும் செக்கிங் மேஜையை விட்டு எழுந்து படுக்க வேண்டியிருந்தது. படுத்தவர் வழக்கம்போலத் துணியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். தையலை விரலால் நீவினார். அவர் மேஜையிலிருந்து கப்பல் ஏறிய துணிதான். திட்டு இல்லை. நூல் அறுந்த இடம் ஒன்றுகூட இல்லை. அவர் கண் கலங்கியது.

"ஆரப்பா அது படுத்திருக்கறது?" என்று மௌனிகா ஊருக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"நாந்தான் கண்ணு" என்றார் அவர். பிறகு தூங்கிப்போனார்.

மௌனிகாவும் சிக்ரிட்டும் முதல் வருடத்துக்கு எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று மெதுவான குரலில் பேசத் தொடங்கினார்கள். கரூரின் ஓரத்திலிருந்து அமராவதி சொட்டிக்கொண்டிருந்தது. சிக்ரிட்டின் அம்மா ஒரு குண்டாவைக் கொண்டுவந்து கீழே வைத்தார்.