கார்ஃபீல்டைப் பாடித் தூக்கிய சனிக்கிழமை

கார்ஃபீல்டு இறந்த அன்றே அவர் மனைவி தர்சா என்னிடம் ஒன்று கேட்டாள். படகுத்துறையிலிருந்து மேட்டுக் கல்லறை வரை அவரைப் பாடிக்கொண்டே தூக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எங்கள் மெதடிஸ்ட் சபையில் அதுதான் வழக்கம், வண்டியில் ஏற்றுவதில்லை.

"பெரிய பாட்டுதான் அண்ணே. சின்னதா ஒண்ணைப் பாடி முடிச்சிடாதீங்க."

பெரிய பாட்டின் மூன்றாம் அடியைக் கட்டைக்குரல் தனியாக எடுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகே சேரலாம். சபையில் கட்டைக்குரல்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் இப்போது பெட்டிக்குள். மற்றவன் ஹெட்லி. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் வலை இழுக்கப் போனான் என்று பதினொரு வருடத்துக்கு முன் அவன் பெயரைச் சபையிலிருந்து நீக்கச் சொன்னவர் கார்ஃபீல்டுதான். அன்று அதற்குச் சம்மதித்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வியாழக்கிழமை ஹெட்லி வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை.

"என்னடா ஜேபஸ், வழி தவறிட்டியா?"

"தர்சா அனுப்பினா. சனிக்கிழமை மூணாவது அடி நீ எடுக்கணும்."

"தொரத்திவிட்டவனுக்கே நான் பாடணுமா? நல்லாருக்குடா உங்க நியாயம்."

"அவளுக்காகடா."

"நீயே எடேன். பூனைக்குட்டி மாதிரி அழகான குரலாச்சே உனக்கு."

கதவைச் சாத்திவிட்டான்.

சனிக்கிழமை பாடிக்கொண்டு ஏறினோம். படகுக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைச் சுமந்தார்கள். முதலடி முடிந்தது. இரண்டாமடி பாடும்போது, ஹெட்லி கறுப்புக் கோட்டோடு தன் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். இறங்கி வந்தான். பெட்டியின்மேல் கையை வைத்து, வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். கப்பியில் கயிறு உரசுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"போயிடுச்சு தர்சா," என்றான். "சபையை விட்டு வெளியே வந்ததுலேருந்து வீட்டுலகூட நான் பாடினதில்ல."

அந்த அடியை எடுக்க ஆளில்லாமல் எங்களுக்குப் பாட்டைத் தொடரத் தெரியவில்லை. பெண்கள் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். பெட்டியும் பாதி மேட்டில் நின்றது. சுமந்தவர்களில் ஒருவன் தோள் மாற்றினான்.

"நீ போனப்புறம் ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உன் இடத்தைப் பாத்துட்டுதான் அவரு அந்த அடியை எடுப்பாரு," என்றாள் தர்சா. பிறகு படகுக்காரர்களிடம் திரும்பினாள். "நடங்கப்பா. தோள் வலிக்கும் உங்களுக்கு."

மீதி மேட்டைப் பாட்டில்லாமல் ஏறினோம். ஹெட்லி பெட்டியிலிருந்து கையை எடுக்கவேயில்லை.