குலுங்காத வண்டி

...அறுத்தால் பின்பக்கம் முழுக்கப் போய்விடும், மாற்றினால் வண்டியே போய்விடும், இரண்டில் எது என்று கேட்டுவிட்டுத் தீர்த்தகிரி டீ குடிக்கப் போய்விட்டான், திரும்பி வந்ததும் பதில் வேண்டும் என்பான், பட்டறைக்காரனுக்கு என்ன, அவன் கேட்பான்... கோவிந்தப்பன் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உலகச் சண்டை முடிந்து பெங்களூரில் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டபோது எடுத்த ஆம்புலன்ஸ் அது, எத்தனை கை பச்சைப் பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து அந்தச் சிவப்புச் சிலுவை மங்கலாக எட்டிப் பார்க்கும், சந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வண்டி என்றுதான் சொல்லும், ஆனால் உள்ளே ஏறினால் வீடு. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் பிஞ்சு விட்டதிலிருந்து காய் இறக்கும் வரை தோப்பிலேயே கிடக்க வேண்டும், குரங்கு ஒரு பக்கம், திருடன் ஒரு பக்கம், மற்றவர்கள் ஓலைக் குடிசை போட்டுக் கோடை மழையில் நனைந்து செத்தார்கள், இவன் மட்டும் ஸ்ட்ரெச்சர் மாட்டும் இரும்புக் கொக்கிகளில் இரண்டு பக்கமும் பலகை போட்டு ஆளுக்கொரு படுக்கை, அடுப்புக்கு ஒரு மேடை, அரிசிக்குத் தகரப் பெட்டி என்று அடித்துக்கொண்டு, பெண்டாட்டியோடு தோப்பு தோப்பாகக் குடித்தனம் நடத்தினான். ஊரில் ஒரே சிரிப்பு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, பாடிதான் துருவேறி உதிர்கிறது, கால் வைத்தால் தரை தெரிகிறது... துருப்பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டு மரத்தில் புதுப் பாடி கட்டலாம், இல்லாவிட்டால் இதைக் கொடுத்துவிட்டுப் பெங்களூர்க்காரர் ஒருவர் விற்கிற வேனை எடுக்கலாம், அது தாழ்ந்த வண்டி, ஏறுவதற்குச் சுலபம், நஞ்சம்மா ஏறிவிடுவாள்... ஏறிவிடுவாளா? நஞ்சம்மா காலையில் சொன்னதை நினைக்கக் கூடாது என்றுதான் ஓசூர் வரும் வரை பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தான், கிருஷ்ணகிரி அணை வேலைக்குப் போகும் லாரிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டான், இப்போது சும்மா உட்கார்ந்ததும் அது வந்துவிட்டது. அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் எந்த நாளில் உலை வைக்கலாம் என்று இவன் கேட்டான். தோப்புக்குள் முதல் உலையைக் குத்தகைக்காரனின் வீட்டுக்காரிதான் வைக்க வேண்டும், பால் பொங்கி வழிந்த பிறகுதான் ஆட்கள் மரத்தைத் தொடுவார்கள், போன வருஷம் அதற்கு மட்டும் வந்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள், சரி, அதற்காவது வந்தாளே என்று இருந்தது. இன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரசு வந்து வெக்கட்டுமே, அவளும் உங்க வூட்டுப் பொண்ணுதான" என்றாள். சரசம்மா இவன் தங்கச்சி, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து கூப்பிட்டால் ஓடி வருவாள், தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது உலையைத் தங்கச்சியிடம் கொடுப்பார்களா, யாராவது கொடுத்திருக்கிறார்களா... "படி உயரம்னுதான சொன்ன, தாழ்த்திக் கட்டச் சொல்றேன், இல்லன்னா வேற வண்டியே எடுத்துர்லாம்" என்றான் இவன். "எடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் சொன்ன எதைத்தான் இவன் செய்யாமல் விட்டான்? புகை கண்ணைக் கரிக்கிறது என்றாள், கூரையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தான். தகரம் காய்கிறது என்றாள், உள்ளே மூங்கில் தட்டி அடித்தான். படி உயரம் என்றாள், ஒரு படி சேர்த்தான், அப்புறமும் உயரம் என்றாள், தோப்பில் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை என்றாள், அதற்கு... அதற்கு என்ன செய்தான், ஆமாம், ஒரு சேவலும் நாலு கோழியும் வாங்கி விட்டான், அட கடவுளே. ஊரில் எல்லோரும், கோவிந்தப்பன் பெண்டாட்டி சொல் தட்டாதவன் என்று கேலி செய்தார்கள், இவனுக்கும் அதில் பெருமைதான், வாயைத் திறந்து ஒரு குறை சொன்னால் மறுநாளே ஆணியும் சுத்தியலுமாக நிற்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் ஒரு குறை தீர்ந்ததும் அவள் முகம் தெளிந்ததாக ஞாபகம் இல்லை, இன்னொரு குறைக்குத்தான் போனாள், அதுவும் மெதுவாக, இவனுக்கு வேலை கொடுக்கிற மாதிரி... முதல் குறை எது? புகையா? இல்லை, அதற்கும் முன்னால் ஒன்று.

முதல் குறை கமான்பட்டை, வண்டியின் குலுக்கலைத் தாங்குகிற அந்த வில்பட்டை. வேப்பனப்பள்ளித் தோப்பில் இருந்தபோது, அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்த சமயம், மத்தியானம் வலி என்று உட்கார்ந்துவிட்டாள், இவன் அவளைப் பலகையில் படுக்க வைத்துக் கிருஷ்ணகிரிக்கு ஓட்டினான், அந்த மண் ரோடு, அந்தப் பள்ளங்கள், மெதுவாகப் போனால் நேரமாகிறது, வேகமாகப் போனால் பின்னாலிருந்து அவள் முனகுகிறாள், எது சரி என்று இன்றைக்கும் தெரியவில்லை... ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைத் துணிக்குள் இருந்துகொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுதுங்க." இவன் சுவரைப் பார்த்தான். குழந்தையைப் பற்றி இவனால் ஒன்றும் செய்ய முடியாது, அவள் வலியைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது, வண்டியைப் பற்றிச் செய்ய முடியும், கடவுளே, எவ்வளவு ஆறுதலாக இருந்தது அது! நேராக இதே பட்டறைக்கு வந்தான், தட்டையாகிப்போன பட்டைகளைக் கழற்றிவிட்டு நல்ல கமான் போட்டு, ரப்பர் வைத்து, அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிற அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சும்மாவா, மேடை மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வேறு வைத்திருந்தான். "பாரு, வூடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது." சிந்தவில்லைதான். வழியெல்லாம் கண்ணாடியில் அந்தச் சொம்பைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினான், தண்ணீர் விளிம்பில் நடுங்கி நடுங்கி நின்றது, இவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதே கண்ணாடியில் அவளும் இருந்திருப்பாள். அவள் எந்தப் பக்கம் முகத்தை வைத்திருந்தாள், அழுதாளா, தூங்கினாளா, எவ்வளவு முட்டி மோதினாலும் அது ஞாபகத்துக்கு வரவில்லை, சொம்புதான் வருகிறது.

தீர்த்தகிரி பீடியை அணைத்துக்கொண்டே வந்தான். "என்னாண்ணா, முடிவு பண்ணிட்டியா?" பதிலுக்குக் காத்திராமல் அவனாகவே பின்கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டித் தட்டிப் பார்த்தான், "இத்த குடுத்தா உனக்கு மனசு ஆவாது, எனக்குத் தெரியும், மரத்துலயே கட்டிர்லாம், பாதி கூடை அடுக்க, பாதி நீ படுக்க" என்றான். பிறகு குனிந்து கொக்கிகளைக் கையால் அளந்தபடி, "பலகை எத்தினி போடட்டும், ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டான், உப்பு எத்தனை கல் போடட்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டான். "ஒண்ணு போதும்" என்றான் கோவிந்தப்பன். தீர்த்தகிரி சரி என்று உள்ளே ஏறி, நஞ்சம்மா படுக்கிற இடதுபக்கக் கொக்கிகளைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்துவிட்டான், நிறுத்து என்றால் நிறுத்திவிடுவான், நல்லவன், காரணம்கூடக் கேட்க மாட்டான்... ஆனால் இவன் வாய் திறக்கவில்லை. கூடைக்கு இடம் வேண்டும் என்பதால் சொன்னதா, கோபத்தில் சொன்னதா, இல்லை, இந்த வண்டிக்குள் இனி இருக்க முடியாது என்று அவள் புகை என்றும் படி என்றும் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை, இவன் ஒவ்வொரு முறையும் ஆணி அடித்து மூடிவிட்டதை, அவள் இல்லாத இடத்தில் இவன் வாயே இன்றைக்குச் சொல்லிவிட்டதா... உள்ளே இரண்டாவது கொக்கியும் கழன்று தரையில் விழுந்தது.