பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

தரைப்பலகைகளைப் பெயர்த்தெடுத்த அன்றுதான், தன் வீடு இத்தனை காலம் எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்பதை ரென்ஸ்கா கண்ணால் பார்த்தாள். முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அதற்குள் நூறு வருஷத்துக்கு முன்னால் அடித்து இறக்கிய மரத்தூண்களின் தலைகள். மேஸ்திரி யோஸ்ட் குனிந்து ஒரு தூணில் ஸ்க்ரூடிரைவரைச் செருகினான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

"பாருங்க, பாலில் ஊறின ரொட்டி மாதிரி இருக்கு," என்றான், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. "நல்ல வேளை, இப்பவாவது கூப்பிட்டீங்க."

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவள் பூனை மாதிரி அடியெடுத்து வைத்தாள்.

ஸான்டாம் ஊரில் அந்தத் தெரு முழுக்கவே சதுப்பில் நின்ற வீடுகள்தான். ரென்ஸ்காவின் வீடு ஓர் இரட்டை வீட்டின் இடது பாதி. வலது பாதியில் ஆல்டர்ட் தனியாக இருந்தார். கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். இரண்டு பாதிக்கும் ஒரே நடுச்சுவர், ஒரே புகைபோக்கி, ஒரே அஸ்திவாரம். அவர் சம்மதிக்காமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. வருஷக்கணக்கில் மாட்டேன் என்றே நின்றார்.

"என் பாதி நேராத்தான் நிக்குது. உன் பாதிதான் என்மேல வந்து சாயுது. அதை நிமிர்த்திக்கோ, போ!"

கடைசியில் ஒரு நாள் அவருடைய சமையலறை ஜன்னல் கண்ணாடி தானாகவே குறுக்கே விரிசல் விட்டது. மறுநாள் சம்மதித்தார். சம்மதித்த கோபம் மட்டும் தீரவில்லை.

வேலை நடக்கும்போது இரண்டு வீட்டுக்காரர்களும் மாடியில் இருந்துகொள்ளலாம் என்று யோஸ்ட் சொல்லியிருந்தான். கீழே இரும்புக் குழாய்களை ஜாக்கி வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக, சதுப்புக்கு அடியில் இருக்கும் கெட்டி மணல் அடுக்கு வரைக்கும் அழுத்தி இறக்குவார்கள். மேலே கான்கிரீட் தளம். அதற்குள் சுடுதண்ணீர்க் குழாய்களைப் பதித்து, கேஸ் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் புதிய வெப்ப இயந்திரத்தோடு இணைப்பார்கள். அதுவரைக்கும் ரென்ஸ்காவின் பரணில் இருந்த பழைய கேஸ் பாய்லர்தான் கதி. கீழே இருந்த ஆல்டர்டின் பாய்லரைக் கழற்றிவிட்டதால் அவர் ஒரு மின்சார அடுப்பை வைத்துக் குளிர்காய்ந்தார்.

"பாய்லர் ரொம்பப் பழசாச்சே?" என்று ரென்ஸ்கா கேட்டாள்.

"இந்த ஒரு குளிர்காலம் கிழவன் ஓடுவான்," என்றான் யோஸ்ட்.

ஜாக்கி அழுத்த ஆரம்பித்ததும் வீடு பேச ஆரம்பித்தது. மாடிப்படி முனகும். கதவு தானாகத் திறக்கும். சுவருக்குள் யாரோ நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் மேலிருந்து கீழே இறங்கும். ரென்ஸ்கா பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். யார் வாயிலோ துளையிடும்போதுகூட அவளுக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. அவள் கணவன் ஹார்மனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் கப்பல்களுக்கு வழிவிட ஆற்றுப்பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்தான்.

"முனகுது பாரு," என்பாள் அவள்.

"உங்கம்மா ஒரு வாரம் தங்கிட்டுப் போனப்ப நானும் இப்படித்தான் முனகினேன். விழுந்துட்டேனா?"

ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஆல்டர்ட் கைத்தடியால் சுவரில் இடிப்பார். "என் வீட்டைத் தள்ளாதீங்கடா!" என்று கத்துவார். அவர் கத்துவதைக் கேட்டால்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். சுவர் இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கம் ஆளும் இருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் வீடு திரும்பியபோது வேலையாட்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அன்று நடுச்சுவரையொட்டிக் குழாய் இறக்கியிருந்தார்கள். பள்ளத்தின்மேல் போட்டிருந்த பலகையில் நடந்து, சுவரைப் பார்க்காமல் மாடிக்குப் போனாள். கோட்டைக் கழற்றுவதற்குள் படிக்கட்டுப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். கைக்குட்டை அகலத்துக்குச் சுவர்ப்பூச்சு பெயர்ந்து படிகளில் சிதறிக் கிடந்தது. பின்னால் செங்கல் வரிசையில் படிப்படியாக ஒரு விரிசல்.

அவள் அசையாமல் நின்றாள். கைத்தடி இடிக்கும் என்று காத்திருந்தாள்.

இடிக்கவில்லை.

ஆல்டர்டின் ரேடியோவில் யாரோ உற்சாகமாகக் கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். மெல்லிய முனகல். அது வீட்டின் முனகல் இல்லை.

"ஆல்டர்ட்!" என்று சுவரில் தட்டினாள். "ஆல்டர்ட், பதில் சொல்லுங்க!"

தெருவுக்கு ஓடினாள். அவர் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கீழ் ஜன்னல்களைப் பிளைவுட் வைத்து அடைத்திருந்தார்கள். அவசர உதவிக்குப் போன் செய்தாள். "வெளியிலயே நில்லுங்க, ஆளுங்க வந்துட்டே இருக்காங்க," என்றது ஒரு பெண் குரல்.

நின்றாள். மேலே ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது.

உள்ளே போக இன்னொரு வழி இருப்பது அவளுக்குத் தெரியும். நினைக்காமலிருக்கப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கான்கிரீட் போடுவதற்காக, நடுச்சுவருக்கு அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு மாடிச் சுவரின் பாரம் முழுக்க நாலு இரும்பு ஜாக்கிகளின்மேல் நின்றது.

பள்ளத்தில் இறங்கினாள். குளிர்ந்த தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்தது. கையை ஊன்றித் தலையை ஓட்டைக்குள் நுழைத்ததும் பிடரியில் பொடி உதிர்ந்தது. பக்கத்து ஜாக்கி 'டிக்' என்றது. அவ்வளவுதான். அலறியடித்துப் பின்வாங்கி, சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏம்ப்பா..." என்று மேலிருந்து ஒரு குரல், தூக்கத்தில் பேசுவதுபோல. அது யாரைக் கூப்பிட்டது என்று தெரியவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி தலையைக் கொடுத்தாள். மூக்கு தண்ணீரைத் தொட்டது. முதுகில் செங்கல் உரசியது. உரசின ஒவ்வொரு முறையும், இதோ இறங்குகிறது, இதோ இறங்குகிறது என்றே தோன்றியது. கை அந்தப் பக்கத்துச் சேற்றைத் தொட்டபோதுகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

பள்ளத்திலிருந்து ஏறி மாடிப்படியில் ஓடினாள். ஆல்டர்ட் படியின் உச்சியில் குறுக்கே கிடந்தார். முகம் பனிக்காற்றில் நடந்து வந்தவர் முகம்போலச் சிவந்திருந்தது. ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது, மாரடைப்பாக இருக்காது என்று நினைத்தாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ஓர் அடிகூட நகரவில்லை. அவள் தலையைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இறுக்குவதுபோல இருந்தது. முழங்கால் கழன்றது. பயத்தில்தான் இப்படி வருகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வருகிறவர்களுக்கு வழி தெரியாதே என்ற நினைப்பு வந்தது. கீழே இறங்கிக் கதவைத் திறக்கக் கால்கள் கேட்கவில்லை; மாடி முன்னறை ஜன்னலைத் தள்ளினாள். சட்டம் கோணி இறுகியிருந்தது. நாற்காலியை எடுத்துக் கண்ணாடியில் அடித்தாள். முதல் அடியில் நாற்காலி கை நழுவியது. இரண்டாவது அடியில் கண்ணாடி தெருவில் கொட்டியது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. சைரன் கேட்டது. "இங்கே! மேலே!" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள், காற்றுதான் வந்தது.

ஏணி வைத்து ஏறிய தீயணைப்புக்காரனின் தலை ஜன்னலுக்குள் நுழைந்ததுமே அவன் மார்பில் மாட்டியிருந்த சின்னக் கருவி வீறிட்டது.

"கேஸ்! வெளிய, வெளிய! முதல்ல இந்தம்மாவை இறக்கு!"

"அவரை முதல்ல," என்றாள். அது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தெருவோரத்தில் வாந்தியெடுத்தது.

ஜாக்கி அழுத்தியபோது புகைபோக்கி உள்ளுக்குள் பிளந்திருந்தது, ஆல்டர்டின் பக்கமாக. அவளுடைய பரணில் ஓடிய பாய்லரின் புகை கூரைக்குப் போகாமல் அவர் படுக்கையறைக்குள் போயிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு; முகத்தைச் சிவக்க வைத்ததும், தலையை இறுக்கியதும் அதுதான். அதற்கு வாசனை இல்லை, சத்தமும் இல்லை. ஜன்னலை உடைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் படியில் இரண்டு உடல்கள் கிடந்திருக்கும் என்று அந்தத் தீயணைப்புக்காரன் யோஸ்டிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. யோஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"சுவரையே பார்த்துட்டிருந்தேன்," என்றான் அவளிடம். "புகைபோக்கியைப் பார்க்கணும்னு தோணவே இல்லைங்க."

பாலத்தில் மாற்று ஆள் வந்தபிறகு ஹார்மன் ஓடி வந்தான். சேறும் வாந்தியுமாக இருந்தவளைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் மருத்துவமனையில் ஆல்டர்ட் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டு ஜன்னலை உடைச்சியாமே?"

"ஆமா."

"பூட்ஸோடயா மாடிக்கு ஏறினே?"

"பூட்ஸோட, சேத்தோட."

போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "அந்த ஓட்டை வழியாவா வந்தே? நான் அதை எட்டிக்கூடப் பார்க்கலை," என்றார். "எனக்குப் பயம்."

"எனக்கும்தான்," என்றாள் ரென்ஸ்கா. அவர் அவள் கையைப் பிடித்தார், பிடித்த வேகத்தில் விட்டுவிட்டார்.

பழைய பாய்லரை அன்றே நிறுத்திவிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் இரண்டு குடும்பமும் வேறு வேறு இடங்களில் தங்கியது. வசந்தத்தில் திரும்பி வந்தபோது வீடு கான்கிரீட்டின்மேல் அசையாமல் நின்றது. புகைபோக்கியை இடித்துவிட்டிருந்தார்கள். தரை காலுக்கு இதமாகச் சுட்டது. ஹார்மன் வெறுங்காலோடு அறை அறையாக நடந்து பார்த்தான். ஆல்டர்ட் தன் படுக்கையை நடுச்சுவரிலிருந்து தெருப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இப்போது எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் ரென்ஸ்காவுக்கு ஒத்துவரவில்லை. படுக்கப் போகுமுன் ஜன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்தாள்.

"புது இயந்திரத்துல கேஸே கிடையாதுடி," என்றான் ஹார்மன். "சூடெல்லாம் வெளியில போகுது."

"போகட்டும்," என்றாள்.

அவன் எழுந்து இன்னொரு கம்பளியை எடுத்துவந்து அவள்மேல் போர்த்தினான். ஜன்னலை மூடவில்லை.