வட்டத்துக்கு ஓர் ஆள்

உருத்திரபுரத்துக்குப் போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக, நாலு ஏக்கரில் ஒரு களியாட்டப் பூங்கா இருந்தது. களியாட்டம் மட்டும் நாலு மாதமாக இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்குப் பூட்டிய படலை, ஊரடங்கு எடுத்த பிறகும் திறக்கவில்லை. ராட்டினப் பெட்டிகளில் மைனாக்கள் குடியேறியிருந்தன. அவை இடைவெளி பேணுவதாகத் தெரியவில்லை.

முகாமையாளர் கிருசாந்திக்கு வெள்ளிக்கிழமைதான் தவணை. உரிமையாளர் இளையதம்பி சுவிஸில் இருந்து சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்குள் சுகாதாரப் பகுதியின் அனுமதி வரவேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை லொறி வரும், ராட்டினத்தைக் கழற்றி நீர்கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். ராட்டினம் போனால் மிஞ்சுவது இரண்டு ஊஞ்சலும் ஒரு சீமெந்து யானையும். அவற்றை நடத்த முகாமையாளர் தேவையில்லை.

ஆகவே அவள் இரண்டு கிழமை கண் எரிய எரிய இணையத்தில் தேடி, வெளிநாட்டுப் பூங்காக்கள் எப்படித் திறந்தன என்று படித்து, நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினாள். திறந்த வெளிதான் பாதுகாப்பு என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அப்படியே ராட்டினத்துக்கு முன்னால், ஒரு புல்லின் நிழல்கூட விழாத இடத்தில், மீற்றருக்கு ஒன்றாக நாற்பது வெள்ளை வட்டங்கள் கீறினாள். அதையெல்லாம் எழுதியவர்கள் வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றிப்போட்டுப் படுக்கிற தேசத்தவர்கள் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒத்திகை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. சிவராசா, நேரில் வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. இலவசம் என்று ஊருக்குள் சொன்னதில் எட்டு மணிக்கே நாற்பது பேர் வந்துவிட்டார்கள். ராட்டினம் ஓட்டுகிற ஆண்டியப்பன் எல்லாரையும் கை கழுவ வைத்து, வட்டத்துக்கு ஓர் ஆள் என்று சொல்லி நிறுத்தினார். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கிருசாந்தி நிம்மதியாகப் படலையடிக்குப் போய் பி.எச்.ஐ.யைக் கூட்டிவந்தாள்.

வந்து பார்த்தால், நாற்பது வட்டங்களிலும் நாற்பது செருப்புகள் நின்றன. ஆளுக்கு ஒன்று. ஆட்கள் பக்கத்துப் பாலை மரத்துக்குக் கீழே தோளோடு தோள் இடித்தபடி, ஒரே கடதாசிச் சரையில் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பிழை சொல்ல முடியாது. போர் முடிந்து அடைபட்டிருந்த செட்டிகுளத்து அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் பிளாஸ்டிக் கான்கள் நின்றன. நிவாரண வரிசையில் பைகள் நின்றன. ஆஸ்பத்திரி வரிசையில் இன்றைக்கும் கிளினிக் கொப்பிதான் நிற்கிறது. வரிசையில் ஆளே போய் நிற்பது அனுபவம் இல்லாதவர்களின் வேலை.

சிவராசா அளவு நாடாவை எடுத்து, செருப்புக்கும் செருப்புக்கும் இடையில் குனிந்து குனிந்து அளந்தார்.

"தூரம் வலு திறம், தங்கச்சி. ஆனா செருப்புக்குக் கொரோனா வாறேல்லை."

கிருசாந்தி மரத்தடிக்கு ஓடி, வட்டத்துக்குள் வந்து நிற்கும்படி கெஞ்சினாள். முன்வரிசைச் செருப்புக்காரி வீரம்மா நாடியில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, பொறுமையாக விளக்கம் சொன்னாள்.

"வட்டத்துக்கு ஒரு ஆளுன்னுதானேம்மா சொன்னீங்க? அதுல ஏற்கனவே என் செருப்பு நிக்குது. நானும் போய் நின்னா ரெண்டாயிரும்ல?"

சிவராசா கோப்பை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். கிருசாந்திக்குச் சனிக்கிழமை லொறியின் சத்தமே கேட்டது. இவ்வளவு பெரிய காணியில் வேறு மரமே இல்லையா என்று வீரம்மாவைக் கேட்டாள். அங்கே போனால் செருப்புத் தெரியாதே, முறை வந்தால் எப்படித் தெரியும் என்றாள் வீரம்மா.

கிருசாந்திக்கு இப்போது உறைத்தது. இவர்களுக்கு நெருக்கமாக இருக்க ஆசையில்லை. செருப்பைப் பார்க்க வசதியான நிழல் அது ஒன்றுதான், அவ்வளவே. அவள் பி.எச்.ஐ.யிடம் அரை மணித்தியாலம் தவணை கேட்டாள். ஆண்டியப்பனின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தாள். செருப்பு வட்டத்திலேயே நிற்கட்டும், முறை வந்தால் கூப்பிடுவோம், எங்கே வேண்டுமானாலும் போய் இருங்கோ, ஒரு வீட்டுக்காரருக்கு ஒரு மரம் என்று அறிவித்தாள். சனம் கலைந்தது. சிலர் வாய்க்கால் கட்டுக்குப் போனார்கள். சிலர் சீமெந்து யானையின் வயிற்றுக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

"பின்னு குத்தின நீலச் செருப்பு, ராட்டினத்துக்கு வாங்க" என்று ஆண்டியப்பன் கூப்பிட்டார்.

மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருடையதும் பின் குத்திய நீலம்தான். ஆண்டியப்பன் அசரவில்லை. மற்றக் காலைக் காட்டச் சொல்லி, தேய்ந்த குதியை வைத்து உரிய ஆளைப் பிடித்து ராட்டினத்தில் ஏற்றினார். அதன் பிறகு ஒரு பிசகும் இல்லை. சிவராசா ஒரு மணித்தியாலம் மரம் மரமாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு குடும்பத்துக்கு மேல் எங்கேயும் சேர்ந்திருக்கவில்லை.

அவர் பேனையை எடுத்தார். எடுத்துவிட்டு யோசித்தார்.

"அரசாங்கப் படிவத்தில செருப்பு எண்டு எழுதேலாது, தங்கச்சி. மேல இருக்கிறவை என்னைத்தான் கேப்பினம்."

இருவரும் யானையின் நிழலில் இருந்து சொல் தேடினார்கள். கடைசியில் அவர் எழுதினார்: "வருகையாளர்களின் பிரதிநிதிகள் ஒரு மீற்றர் இடைவெளியில் வரிசையில் நிறுத்தப்படுவர்." அதற்குக் கீழே கையெழுத்து வைத்துத் திகதியும் போட்டார்.

கிருசாந்தி படிவத்தைப் படம் எடுத்துச் சுவிஸுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் இளையதம்பி அழைப்பு எடுத்தார். லொறிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"பிள்ளை, இந்தப் பிரதிநிதி வேலைக்கு எத்தினை பேரை எடுக்கோணும்?"

"ஒருத்தரும் வேண்டாம், அண்ணை" என்றாள் அவள். "சனம் வரேக்க தாங்களே காலில போட்டுக்கொண்டு வருவினம்."