கடைசிப் பந்திக்கு ஓர் அடிக்குறிப்பு

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் ஓர் அடிக்குறிப்பிலிருந்து திருடினேன். ஆம்பூர்ப் பக்கத்துச் சபை ஒன்றைப் பற்றி அமிர்தவள்ளி எழுதிய ஆய்வேட்டில் நாற்பத்தேழாவது குறிப்பு அது. முன்பெல்லாம் திருச்சபை வரலாறு என்றால் மிஷனரிகளின் கடிதங்கள்தான். இப்போதைய ஆய்வாளர்கள் சபைக் கமிட்டிகள் தீர்மானம் எழுதிவைத்த பழைய மினிட்ஸ் நோட்டுகளைக் கிளறுகிறார்கள். கிளறினால் சும்மா இருக்குமா?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: பாலாற்றங்கரையில் அந்தி சாயும் வேளை, ஆலய மணி... வேண்டாம். பாலாற்றில் தண்ணீரே இல்லை, எனக்கு அந்தி எதற்கு?

2

அமிர்தவள்ளியின் அப்பா தானியேல் முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் தோல் கழுவியவர். திருவிருந்து ஞாயிறுகளில் சபையார் பந்தி பந்தியாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பமும் ஒரே பாத்திரத்திலிருந்து திராட்சரசமும் வாங்குவார்கள். தானியேல் குடும்பம் எப்போதும் கடைசிப் பந்தி. அதுதான் தாழ்மை என்று அவருக்கு அவ்வளவு பெருமை.

மகள் நோட்டின் நகலை அவர் முன் வைத்துப் படித்தாள்: "தீர்மானம் 11. தோல் வேலைக்காரரின் கை நாற்றம் பாத்திரத்தில் படுவதால், மற்றவர்கள் வாங்கி முடித்தபின் அவர்கள் வரவேண்டியது."*

"யாரு சொன்னது இத?"

"கமிட்டிப்பா. தாத்தா காலத்துக்கும் முன்னாடி."

"எங்கப்பா தாழ்மைன்னுதானே சொல்லிக் குடுத்தாரு..."

(இங்கே அவர் தம் கையை முகர்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தேன். அழவைக்கும் மலிவான வேலை, அடித்துவிட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், அவ்வளவுதான்.)

* அதே நோட்டில், ஆலயச் சுவருக்குக் கல் சுமந்த தோல் வேலைக்காரர்களுக்கு நன்றி சொல்லும் தீர்மானமும் இருக்கிறது, எண் 9. கல்லில் நாற்றம் படவில்லை போலும்.

3

ஆயர் ஜெயசீலனைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் நல்லவர், அதுதான் பேஜார். சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு அவளிடம் கட்டுரை கேட்டவரே அவர்தான்.

"அந்தப் பதினொண்ணாம் தீர்மானக் குறிப்ப மட்டும் எடுத்துடும்மா. இப்ப யாரு அப்படி நடத்துறாங்க? வீணா சண்ட வரும்."

"யாரும் நடத்தலன்னா, எங்கப்பா ஏன் ஐயா இன்னும் கடைசில வர்றாரு?"

"அது அவரு விருப்பம்."

"அப்ப இந்த ஞாயித்துக்கிழம மொதப் பந்திக்கு வர்றோம். அதுவும் எங்க விருப்பம். குறிப்ப எடுத்தா கட்டுரையே கெடையாது."

அவள் குரல் நடுங்கியது என்று எழுதச் சொல்கிறது என் பழக்கம். நடுங்கவில்லை.

4

முடிவு ஒன்று: மலர் குறிப்போடு அச்சாகிறது, எல்லோரும் மனந்திரும்புகிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: தானியேல் கோவிலுக்கே வரவில்லை, அவள் தனியாக... மாட்டேன். அந்த மனிதரை இன்னொரு முறை நான் பின்னுக்குத் தள்ள மாட்டேன்.

5

சனிக்கிழமை அவராகவே கேட்டார்: "இன்னா நம்பரு சொன்ன? பதினொண்ணா?"

ஞாயிறன்று ஆயர் முதல் பந்திக்கு அழைத்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். "வாம்மா" என்றார். சபை முழுக்கப் பார்க்க இருவரும் நடுவழியே நடந்தார்கள். அதற்குள் முன்வரிசைக்காரர்கள் முழங்காலிட்டு இடத்தை நிரப்பியிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. தானியேலும் திரும்பவில்லை, அங்கேயே நின்றார். பாத்திரத்தோடு ஆயரும் நின்றார்.

வாசகரே, அந்தப் பந்தியின் ஓரத்தில் முழங்காலிட்டிருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரம் கதை கேட்கிற சௌகரியத்தில் இருந்தீர்கள். கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு பேருக்கு இடம் உண்டு. நீங்கள் நகரும்வரை இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. அவரும் பின்னால் போகப்போவதில்லை.