கெளுத்தி பார்த்த வெளிச்சம்

தண்ணீருக்கு அடியில், பாறைக் கூரையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வீட்டு மொட்டைமாடியில் வைக்கிற அதே தொட்டிதான். இங்கே தலைகீழாகத் தொங்கியது. உள்ளே காற்றை ஊதி நிரப்பியிருந்ததால் தண்ணீர் இடுப்பளவோடு மரியாதையாக நின்றுகொண்டது. குறுக்கே ஒரு பலகை. அதில் கெளுத்தியும் அவள் புருஷனும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

ஆழத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இப்படி உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அடியில் சுவாசித்த வாயு ரத்தத்தில் போய்க் குடியேறிவிடும். காலி செய்யச் சொன்ன குடித்தனக்காரன் மாதிரி அது தன் சௌகரியப்படிதான் கிளம்பும். அவசரப்பட்டு மேலே போனால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதையாகிவிடும். அதனால் வழிநெடுக நின்று நின்று வந்து, கடைசியில் இந்தத் தொட்டியில் அரை நாள்.

"அரை நாளா? புருஷனோடயா? எழுந்து போக இடமே இல்லாமயா?" என்றுதான் பெண்கள் முதலில் கேட்பார்கள். குகையைப் பற்றியெல்லாம் அப்புறம்தான்.

கெளுத்தி என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகள் மேலே கும்மாளம் போட, இவள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்த் தரையைத் தடவிக்கொண்டிருப்பாளாம். அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அந்த வீட்டில் பேரம் இல்லாமல் பொழுது விடியாது. வேளைக்கு மூன்று மாத்திரை என்று டாக்டர் எழுதினால், "ரெண்டா முடிச்சுக்குவோமே" என்பார் அப்பா. தூங்கப் போ என்றால் அண்ணன் இன்னும் ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பான். கால் மணியில் படியும். எதை எடுத்தாலும் ஏன், எதற்கு, வேறு யாரும் குறைத்துத் தருவார்களா. தண்ணீருக்குள் மட்டும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள் அங்கேயே தங்கிவிட்டதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

ஊருக்கு வெளியே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு குளம். அதன் அடியில் ஒரு வாய். அதற்குள் முதலில் நுழைந்தவள் அவள்தான். அந்தக் காலத்தில் இதற்கென்று கடையில் எதுவும் விற்கவில்லை. டார்ச்சைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மெழுகால் அடைத்துக்கொண்டாள். வழி தவறாமல் இருக்கக் கயிற்றை அவிழ்த்து விட்டபடியே போனாள். உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாது, அத்தனை தெளிவு. யாரும் குடிவராத ஒரு பெரிய மாளிகைக்குள் கூரையோரமாகப் பறந்து போவது போல இருக்கும். கூடம், அதற்கப்பால் இன்னொரு கூடம், அதற்கும் அப்பால் இருட்டு சாவகாசமாகக் காத்திருக்கும். சுவரில் கை பட்டால் மாவு போலப் புழுதி கிளம்பி, திரும்பத் தரைக்கு இறங்குவதற்குள் ஊரில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும் போலிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் அவள் மாடிப்படியில் இறங்கும்போது காலைத் தூக்கி மிதக்கப் பார்ப்பாள்.

ஆழம் கூடக்கூட வெறும் காற்றே போதை ஏற்றும். ஹீலியம் கலந்தால் அது தணியும் என்று தெரிந்துகொண்டு, வாயுக்களோடு பழகிய ஆளைத் தேடினாள். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிற ஒரு மெக்கானிக் கிடைத்தார். செம்புக் குழாய்ச் சுருள்களும் வயிற்றைப் பிளந்துபோட்ட கம்ப்ரஸர்களும் கதவில்லாத ஃபிரிட்ஜ்களுமாக நடக்க இடமில்லாத பட்டறை. அங்கேதான் அவர் கலவையைச் சோதிக்க ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ஹீலியம் கொடுத்த வாத்துக்குரலில், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சிரிச்சதுல தலை ஆடுச்சு, அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாரு" என்று அந்த வழக்கு இன்றுவரை தீராமல் கிடக்கிறது.

இருவருமாக இறங்கத் தொடங்கியபோது அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். உள்ளே யாராவது கட்டைவிரலை உயர்த்தினால் உடனே திரும்ப வேண்டும். இன்னும் ஒரு முழம்தான் பாக்கி என்றாலும் திரும்ப வேண்டும். அப்புறம் ஏன் திரும்பினாய் என்று கேட்கக் கூடாது. தண்ணீரிலும் கேட்கக் கூடாது, கரையிலும் கேட்கக் கூடாது, கட்டிலிலும் கேட்கக் கூடாது. கேட்பார்கள் என்று தெரிந்தால் பயந்தவன் விரலைத் தூக்கக் கூச்சப்படுவான்; கூச்சத்திலேயே செத்தும் போவான். பேரம் கேட்டே காது புளித்த வீட்டுப் பெண், பேரம் செல்லாத ஒரு சட்டத்தைப் போட்டாள். அவளோடு இறங்கியவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அது எவ்வளவு ஊறிப்போனது என்றால், ஒருமுறை ஸ்டூடியோவில் புகைப்படக்காரர் "பிரமாதம்" என்று கட்டைவிரலை உயர்த்த, புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் திரும்பி வெளியே நடந்துவிட்டார்கள்.

இத்தனை வருஷமும் அவள் தேடியது இரண்டாவது வாயை. இந்த நீர் எங்கேயோ நுழைகிறது, நுழைகிற இடத்தில் வானம் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். படித்தவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். அண்ணன் மரியாதை இல்லாமல் சிரித்தான். "கடைக்கு ரெண்டு வாசல் வெச்சா வியாபாரம். குளத்துக்கு எதுக்குடி?" என்பான். ஆனாலும் ஹீலியக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்று விலை குறைத்து வாங்கித் தந்தது அவன்தான். இப்போது அவளுக்குத் தோள்பட்டை எலும்பு அரிக்க ஆரம்பித்துவிட்டது. இனி ஆழம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு இறங்கியதுதான் கடைசி.

இன்றைக்குத்தான் பார்த்தாள்.

கடைசிக் கூடத்தின் கோடியில் ஒரு இடுக்கு. எதிர்த்து வந்த நீரோட்டத்தில் காலை உதைத்து உதைத்து, மூச்சு இரைக்க அதில் தலையை நுழைத்தபோது அப்பால் வெளிச்சம். நீலமாக, நீலம் போட்டு அலசிய வெள்ளைத் துணியை வெயிலுக்கு எதிரே பிடித்த மாதிரி. யாரோ ஒரு முழுச் சுருளை உதறி விரித்தது போல அது மடிப்பு மடிப்பாக அவளை நோக்கி உருண்டு வந்தது. துணியை உதறுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் அவள் விளக்குகள் வெட்கப்பட்டு மங்கிவிட்டன. அவள் உடம்புக்கு எடை இல்லை, வயது இல்லை, தோள்வலி யாருக்கோ எப்போதோ வந்த வலி.

அப்போது சினிமாத் திரைக்குக் குறுக்கே எழுந்து நிற்கும் ஆளைப் போலப் புருஷனின் விளக்கு பக்கவாட்டிலிருந்து நுழைந்தது. விளக்குக்கு முன்னால் கட்டைவிரல். பிறகு அவர் கை அவள் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தது.

அவள் திரும்பினாள். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தொட்டிக்கு வந்து வெகுநேரம் ஆன பிறகு, வெளியே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த புது சிலிண்டர்களை எடுத்துவர அவர் இறங்கிப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பலகையோரத்தில் ஒரு தலை முளைத்தது. அண்ணன் மகள். கரையில் பல் டாக்டர். தண்ணீரில் இப்போது இவர்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிடுகிறவள். கையில் ஃபிளாஸ்க்.

"அத்தை, சூப். பொறுமையா குடிங்க. நாக்கைச் சுட்டுக்கிட்டா நான் பார்க்க மாட்டேன், எனக்குப் பல்லு மட்டும்தான்."

"பார்க்காட்டியும் ஃபீஸ் கேப்பியே."

"எங்கப்பா பொண்ணு கேக்காம இருப்பேனா? சரி, என்ன பார்த்தீங்க?"

கெளுத்தி ஒரு வாய் உறிஞ்சினாள். "வெளிச்சம்."

"அத்தை, விளையாடாதீங்க."

"இடுக்குக்கு அந்தப் பக்கம். நீலமா."

எத்தனையோ பேரை வாயைத் திறக்கச் சொன்னவள் வாயைத் திறந்தபடி மிதந்தாள். அப்புறம் தொட்டி அதிரக் கத்தினாள். "அப்போ வாய் இருக்கு! நீங்க சொன்னதுதான் சரி! அத்தை, கேளுங்க, அவ்வளவு தூரம் போக நம்ம சிலிண்டர் பத்தாது, தெரியும்ல? ஆனா அந்தப் பக்கம் திறந்திருந்தா எதுக்குத் திரும்பி வரணும்? திரும்பி வர்றதுக்கு வெச்சிருக்கறதையும் சேர்த்துப் போறதுக்கே எடுத்துக்கறேன். நாளைக்கு அந்தப் பக்கமாவே ஏறிடுறேன்."

"மாமா வரட்டும், ஒரு வார்த்தை..."

"மாமா வந்தா ஆயிரம் கணக்கு கேப்பாரு. நான் போய் அப்பாகிட்ட சொல்றேன். அடுத்த சூப்போட வர்றேன்." ஈரக் கன்னத்தில் ஈர முத்தம் ஒன்று. தலை மறைந்தது.

அவர் சிலிண்டர்களோடு திரும்பினார். "பொண்ணு வந்தாளா?"

"வந்தா. சூப் குடிங்க."

"என்ன சொன்னா?"

"நான்தான் சொன்னேன். அந்த வெளிச்சத்தைப் பத்தி."

"ம்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவருடைய 'ம்' அத்தனை ரகமும் அவளுக்கு அத்துப்படி. சாப்பாடு பிடித்த ம், பிடிக்காத ம், காதில் விழாத ம், விழுந்தும் விழாத ம். இந்த ரகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு அவ அந்தப் பக்கமாவே ஏறிடுறாளாம். திரும்பி வர்றதுக்குச் சிலிண்டரே வேண்டாங்கறா."

வாய்க்குப் போன சூப் பாதியில் நின்றது. "அவளை நிறுத்தணும்."

"ஏன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது. தொட்டியின் சுவரில் கோத்திருந்த துளிகள் ஒவ்வொன்றாக வழிந்தன.

"கேக்கறியா?" என்றார் அவர் மெதுவாக. "இல்ல, சும்மா வாய் தவறி வந்துடுச்சா? நீ போட்ட சட்டம்."

வாய் தவறி வந்தது என்று சொல்லிவிடலாம். பெண் திரும்பி வந்ததும் கட்டைவிரலைக் காட்டினால் போதும். அவளும் ஏன் என்று கேட்க முடியாது. நாளைய பயணம் நின்றுவிடும், வெளிச்சமும் அலுங்காமல் குலுங்காமல் கெளுத்தியிடமே இருக்கும். வாழ்நாளெல்லாம் தேடிய ஒன்று. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு போலத்தான் தெரிந்தது. ஆனால் நாளைக்குப் போகாதவள் அடுத்த வருஷம் போவாள். அத்தை கண்ணால் பார்த்த வெளிச்சம் என்று நம்பி, திரும்பி வர மூச்சு இல்லாமல் போவாள்.

"கேக்கறேன்," என்றாள். "எதுக்கு விரலைத் தூக்கினீங்க?"

"உன் விளக்கு எரியலை."

"எந்த விளக்கு?"

"மூணும். நீயே அணைச்சிருக்கே. கயித்துலயும் கை இல்லை. கும்மிருட்டுல நேரா போய்க்கிட்டிருந்தே. வேகமா வேற."

"அங்க வெளிச்சம் இருந்துதுங்க. அதனாலதான் என் விளக்கு மங்கலா..."

"கெளுத்தி." அவர் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "நீ எதைப் பார்க்கறேன்னு தெரிஞ்சுக்க என் விளக்கையும் கையால பொத்திக்கிட்டுப் பார்த்தேன். நல்லா பார்த்தேன். தார் ஊத்தின மாதிரி கறுப்பு. வேற ஒண்ணுமில்லை."

சின்னக் குரலில், "என் தலையைத் தடவினீங்களே," என்றாள்.

"உன் தலையில இருக்கற விளக்கைப் போட்டேன்."

நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு இரைக்க உதைத்தால், விட்ட மூச்சின் நஞ்சு ரத்தத்தில் தேங்கும். ஹீலியத்தையும் மீறிப் போதை ஏறும். அது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தப் போதைக்கு இவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரியும் என்பதுதான் தெரியாது.

"பொய் சொல்றீங்களா?"

"இந்தத் தொட்டிக்குள்ள பொய் சொல்லிட்டு நான் எங்க ஓடுறது?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகையாக வந்தது.

"அழு," என்றார் அவர். "சுத்தி இவ்வளவு தண்ணி இருக்கு, இதுவும் சேரட்டும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலை. அதோட கடைசித் தடவை. ஒரு வெளிச்சம்தானே, உன்கிட்டேயே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு அதைக் கையில எடுத்துக்கிட்டுக் கிளம்புவான்னு தெரியுமா எனக்கு?"

அடுத்த ஃபிளாஸ்க்கோடு அண்ணன் மகள் வந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அப்பாவைப் பார்க்கணுமே அத்தை! தலைகால் புரியலை. அந்தப் பக்கம் நான் எங்க ஏறுவேன்னு வண்டி எடுத்துக்கிட்டுத் தேடப் போறாராம்."

"வெளிச்சம் இல்லைம்மா," என்றாள் கெளுத்தி. "என் விளக்கு மூணும் அணைஞ்சிருந்துது. நானே அணைச்சிருக்கேன். போதை."

பல் டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "யார் சொன்னா?"

"மாமா. நான் கேட்டேன்."

"நீங்களா? விரலைத் தூக்கினதுக்குக் காரணம் கேட்டீங்களா? நீங்களா?" வெளிச்சம் போனதைவிட அதுதான் அவளைப் பலமாகத் தாக்கியது போலிருந்தது. மாமாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். "அப்போ அங்க என்னதான் இருக்கு?"

"தெரியாது. இடுக்கு நிஜம், அவரும் பார்த்தாரு. அதுக்கு அப்பால நான் சொன்னது எதையும் நம்பாதே. திரும்பி வர்றதுக்கு முழுசா வெச்சுக்கிட்டுப் போ."

"அப்படின்னா பாதி தூரம்கூட எட்டாது அத்தை."

"எட்டாட்டிப் போகுது."

"முழுசா வேண்டாம், முக்கால்வாசி..."

"முழுசா."

"ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைச்சு..."

"உங்கப்பன்கிட்ட போய்ப் பேசு அதையெல்லாம். இங்க படியாது."

பெண் உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் கையை நீட்டி அத்தையின் நனைந்த முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டு, சரி என்று ஒரே சொல்லைச் சொல்லி, வந்த வழியே இறங்கிப் போனாள்.

வேளை வந்ததும் இருவரும் தொட்டியை விட்டு நழுவி, கயிற்றைப் பிடித்தபடி, தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெல்ல மெல்ல ஏறினார்கள். குளத்தின் வாய் தலைக்கு மேலே தெரிந்தது. அந்தி வெயில், கொஞ்சம் பாசி, நிறையக் கலங்கல். பலமுறை துவைத்து நைந்துபோன துண்டு மாதிரி ஒரு வெளிச்சம். அசலுக்கு இவ்வளவு மட்டமான தரமா என்று கெளுத்திக்குத் தோன்றியது. கண்ணை மூடினாள். உள்ளே அந்த நீலம் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் விரிந்து கிடந்தது, தொட்டுப் பார்த்துக்கொள் என்பது போல.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து, மட்டமானதை நோக்கிக் காலை உதைத்தாள்.