நிபுணரின் முயல்கள்

அலுவலகத்தில் அவருக்கு நிபுணர் என்று பெயர். குடை விரிப்பது முதல் குக்கர் மூடுவது வரை அவர் கருத்தைக் கேட்காமல் ஒருவரும் தப்பியதில்லை. ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் மாதமே, எடை தூக்க எந்த ஷூ நல்லது என்பதிலும் கரை கண்டுவிட்டார்.

"அடியில எவ்வளவு மெத்தை இருக்கோ, அவ்வளவு பலம்" என்று மனைவியின் தம்பியிடம் அடித்துச் சொன்னார். மூன்று விரல் கனத்துக்கு நுரை வைத்த ஷூ ஒன்றை வாங்கியும் வந்தார். போட்டதும் ஆளே கொஞ்சம் வளர்ந்து தெரிந்தார்.

குழாய் வேலை பார்க்கும் மச்சினனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தான், இதைப் போட்டுக்கிட்டு நிலாவுக்கா கிளம்பறீங்க?"

வம்பு முற்றிப் பந்தயமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் நிபுணர் நூறு கிலோ கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்க வேண்டும். மூன்று முயற்சி. தோற்றவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுத வேண்டும். மச்சினனுக்கு அது மூன்று வார்த்தை. நிபுணருக்கோ உயிர் போகிற விஷயம்.

முதல் முயற்சியில் கம்பி முழங்காலைத் தொட்டது. அதற்குள் நுரை ஒரு பக்கமாக அமுங்க, நிபுணர் படகில் எழுந்து நின்றவர்போல் ஆடினார். கம்பி தடாலென்று இறங்கியது. இரண்டாவதிலும் அதே ஆட்டம்.

"பாட்டு போடட்டுமா அத்தான்?" மச்சினன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளரம்மா பக்கத்தில் வந்தார். "சார், மெத்தை மேல நின்னுக்கிட்டு பீரோவைத் தூக்குவீங்களா? அடி தட்டையா, அமுங்காம இருக்கணும். ஷூவைக் கழட்டிடுங்க. சாக்ஸ் போதும், வெறுங்கால் மட்டும் இங்க கூடாது."

"வேண்டாம்மா. இதுல ஒரு டெக்னிக் இருக்கு."

டெக்னிக்காவது ஒன்றாவது. காலையில் அவருடைய சாக்ஸ் எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. ஷூவுக்குள் இருந்தது மனைவியுடையது. இளஞ்சிவப்பு. காலுக்கு ஒரு முயல், காதோடு.

நிபுணர் யோசித்தார். ஒரு பக்கம் முயல். மறுபக்கம் அந்த மூன்று வார்த்தை. முயலே தேவலை.

ஷூ கழன்றது. ஜிம்மே கொல்லென்று சிரித்தது. வந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் கம்பியின்மேல் காட்டினார். முயல்கள் தரையோடு தரையாகச் சப்பென்று பதிந்தன. நூறு கிலோவும் முனகாமல் இடுப்புக்கு வந்து நின்றது.

மச்சினன் வாக்குத் தவறாதவன். படத்தைக் குழுவில் போட்டு, கீழே "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுதினான். அதை யார் படித்தார்கள்?

"மாப்பிள்ளை, முயல் எந்தக் கடையில?" என்று மாமியார் கேட்டார்.

"அது என்னோடது. துவைச்சு வைங்க" என்றாள் மனைவி.

நூறு கிலோவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

மறுநாளுக்குள் படம் அலுவலகம் வரை போய்விட்டது. அங்கே நிபுணர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எடை தூக்கறதுக்கு மெத்தை ஷூவே ஆகாது. நான் அப்பவே சொன்னேன். அப்புறம் இந்த முயல் இருக்கே, அதை நான் சும்மா போடல..."